தந்தியும் நாடாவும்: மேடையில் டேப் ரெக்கார்டருக்கு என்ன வேலை?

பரிசோதனை இசை விழாக்களின் நிகழ்ச்சி நிரலில் இப்படி ஒரு வரி தென்படுவதுண்டு: வயலின், செல்லோ, டேப். முதல் இரண்டும் விளங்கிவிடுகின்றன. மூன்றாவதுதான் குழப்புகிறது. முன்பே பதிவு செய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் வாசிக்கப் போகிறார்களா? அப்படியானால் திருமண மேடையில் ட்ராக் போட்டுப் பாடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கைப்பேசிக்குள் எல்லாம் அடங்கிவிட்ட காலத்தில் பழைய ரீலையும் கேசட்டையும் தூசி தட்டி எடுத்துவருவது வெறும் பழம்பொருள் மோகமா?

மோகம் ஓரளவு உண்டு, மறுப்பதற்கில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வலுவான காரணம் ஒன்று மிஞ்சுகிறது. இந்த இசையில் டேப் ரெக்கார்டர் பக்கவாத்தியமாகவே உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பதைக் கேட்கிறது, சில வினாடி கழித்துத் திருப்பிச் சொல்கிறது, சொல்லும்போது கொஞ்சம் மாற்றியும் சொல்கிறது. அது ஏன் தந்திக் கருவிகளோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டது, அதனால் கிளம்பிய சிக்கல்கள் எவை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## நாடாவில் ஒலி எப்படித் தங்குகிறது

ஒலிநாடா ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். ஏறக்குறைய துருதான், சாதாரணக் கேசட்டின் பழுப்பு நிறம் அதனால் வந்தது. மைக் ஒலியை மின்சாரமாக்கி அனுப்புகிறது. அந்த மின்சாரம் 'ஹெட்' எனப்படும் சிறிய மின்காந்தத்தைச் சேரும்போது, ஹெட்டை உரசிக்கொண்டு ஓடும் நாடாவின் துகள்கள் காந்தமாகின்றன. அதே நாடா பிறகு வேறொரு ஹெட்டை உரசிச் செல்லும்போது காந்தம் மறுபடி மின்சாரமாகி, ஸ்பீக்கரில் ஒலியாக வெளிவருகிறது. ஒலியின் ஏற்ற இறக்கம் எங்கும் எண்ணாக மாற்றப்படுவதில்லை. காந்தத்தின் ஏற்ற இறக்கமாகவே அது அப்படியே தொடர்கிறது. 'அனலாக்' என்பது இதைத்தான்.

ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் 1928இல் ஜெர்மனியில் காகிதப் பட்டையில் தூளைப் பூசிக் காப்புரிமை பெற்றார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனம் 'மேக்னட்டோஃபோன்' இயந்திரத்தைக் காட்டியது. அப்போது இரைச்சல் அதிகம். 1940இல் ஜெர்மன் வானொலியைச் சேர்ந்த வால்டர் வெபரும் ஃபான் பிரவுன்மூலும், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்சாரத்தை ஒலியோடு கலந்து பதிந்தால் இரைச்சல் வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் இரண்டு இயந்திரங்களை ஊருக்கு எடுத்துச்சென்றார். 1948இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் முதல் இயந்திரம் சந்தைக்கு வந்தது. நமக்குப் பழக்கமான கேசட்டை பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்தியது.

நல்ல ரீல் இயந்திரத்தில் மூன்று ஹெட்டுகள் வரிசையாக இருக்கும். முதலாவது பழைய ஒலியை அழிக்கும். இரண்டாவது புதியதைப் பதியும். மூன்றாவது பதிந்ததை வாசிக்கும். நாடா எப்போதும் இதே வரிசையில்தான் கடந்துபோகும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

## இசைக்கலைஞர் கைவைக்கும் இடங்கள்

1. வேகம். ரீல் இயந்திரங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 19 அல்லது 38 செ.மீ. ஓடும். கேசட் 4.76 செ.மீ. மட்டுமே. 38இல் பதிந்த வயலினை 19இல் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும், நேரமும் இரு மடங்காகும். வயலின் செல்லோவின் எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் வில் தந்தியைக் கவ்வும் சத்தம் எந்தச் செல்லோவிலும் கேட்க முடியாத அளவுக்கு நீண்டு, கரகரத்து ஒலிக்கும்.

2. தூரம். பதியும் ஹெட்டிலிருந்து வாசிக்கும் ஹெட்டுக்கு நாடா போய்ச்சேர ஆகும் நேரம்தான் எதிரொலியின் இடைவெளி. ஒரே இயந்திரத்துக்குள் ஹெட்டுகள் சில செ.மீ. தள்ளியே இருப்பதால் 19 செ.மீ. வேகத்தில் சுமார் கால் வினாடி கிடைக்கும்.

3. அழிக்கும் ஹெட். நாடா அதைத் தொடாதபடி ஒரு துண்டு அட்டையைச் செருகிவிட்டால் பழைய ஒலியின்மேலேயே புதியது படியும். பழையது முழுதாகத் தங்குவதும் இல்லை. பதியும் ஹெட்டிலிருந்து வரும் உயர் அதிர்வெண் மின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கொஞ்சம் அரித்துவிடுகிறது.

4. பிளேடும் ஒட்டும் நாடாவும். 19 செ.மீ. நீளத் துண்டை வெட்டி இரு முனைகளையும் ஒட்டினால் ஒரு வினாடி ஒலி முடிவின்றிச் சுற்றும். இதற்குப் பெயர் லூப்.

5. அளவுமீறல். துகள்கள் ஏற்கக்கூடிய காந்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குமேல் சத்தத்தை ஏற்றினால் ஒலி சட்டென உடையாது; மெல்ல நசுங்கும்.

6. தேய்மானம். உரசி ஓடுவதால் பூச்சு உதிரும், உயர் ஒலிகள் முதலில் மங்கும்.

இதையெல்லாம் கணினியில் செய்ய முடியாதா? பெரும்பகுதியைச் செய்யலாம். லூப் பெடல் ஒன்று இருந்தால் முதல் நான்கும் கால்விரலில் அடங்கிவிடும். கடைசி இரண்டையும் போலச்செய்யும் மென்பொருள்கள் உண்டு, பல நன்றாகவே இருக்கின்றன. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மென்பொருளில் எந்தச் செயலையும் ரத்து செய்யலாம், நாடாவில் செய்ய முடியாது. திரும்பப்பெற முடியாத வாசிப்பில் ருசி காண்கிறவர்களுக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை.

## ஒரே நாடா, இரண்டு இயந்திரங்கள்

1963இல் அமெரிக்கரான டெர்ரி ரைலி பாரிஸில், பிரெஞ்சு வானொலியின் ஸ்டூடியோவில், ஒரு நாடகத்துக்கான இசையில் ஈடுபட்டிருந்தார். டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் கலைஞர் செட் பேக்கர். ரைலி கேட்ட விளைவைத் தருவதற்காக அங்கிருந்த பொறியாளர் இரண்டு டேப் ரெக்கார்டர்களை அருகருகே வைத்தார். முதல் இயந்திரத்திலிருந்து புறப்பட்ட நாடாவை இரண்டாவதன் ரீலில் கொண்டுபோய்ச் சுற்றினார். இடையில் நாடா துணிக்கொடிபோல அந்தரத்தில் நின்றது. முதல் இயந்திரம் பதிந்தது, இரண்டாவது வாசித்தது, வாசித்த ஒலி மறுபடி முதலாவதுக்குள் போனது. இந்த இசை வகையின் முதுகெலும்பு இந்த அமைப்புதான். டிரம்பெட்டின் இடத்தில் வயலினை வைத்து, படிப்படியாக என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இயந்திரங்களுக்கு இடையே நாடாவின் நீளம் 150 செ.மீ., வேகம் வினாடிக்கு 19 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1. கலைஞர் ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசிக்கிறார். அரங்கில் அது உடனே கேட்கிறது. முதல் இயந்திரத்திலும் பதிகிறது.

2. நாடா 150 செ.மீ. கடந்து இரண்டாவது இயந்திரத்தை அடைய ஏறக்குறைய 8 வினாடி ஆகிறது. அப்போது அதே ஸ்வரம் அரங்கில் திரும்ப ஒலிக்கிறது. இதற்குள் கலைஞர் வேறு ஸ்வரத்துக்குப் போயிருப்பார். இரண்டும் சேர்ந்து கேட்கின்றன.

3. சேர்ந்து கேட்பது மறுபடி பதிகிறது. 16ஆவது வினாடியில் மூன்று அடுக்கு, 24ஆவதில் நான்கு.

4. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு ஒலி திரும்ப உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கிறது. 70 சதவீதம் என்று வைத்தால் முதல் ஸ்வரம் இரண்டாம் சுற்றில் 49 சதவீதமாகவும் ஆறாம் சுற்றில் 12 சதவீதமாகவும் தேய்ந்து, முக்கால் நிமிடத்துக்குப் பின் காதை விட்டு நழுவுகிறது.

5. குமிழை 100 சதவீதத்துக்கு மேல் திருப்பினால் தேய்வதற்குப் பதிலாக வளரும். துகள்கள் நிறையும்வரை ஏறி, ஸ்வரங்கள் கரைந்து ஒரே முழக்கமாகிவிடும். சிலர் வேண்டுமென்றே இந்த விளிம்பில் நிற்பார்கள்.

இதில் வாசிப்பவரின் தலைக்குள் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. எட்டு வினாடிக்குப் பிறகு எது எதனோடு மோதும் என்று இப்போதே கணக்குப் போட வேண்டும். பொருந்தாத ஸ்வரம் ஒன்று விழுந்துவிட்டால் அது ஆறு முறை திரும்பிவரும். அதை அழிக்க வழி கிடையாது. அடுத்த சுற்றில் அதற்குத் துணையாக இன்னொரு ஸ்வரத்தை வைத்து, அதையே சரியானதாக்கிவிடுவதுதான் உள்ள ஒரே வழி. நல்ல கலைஞர்கள் இதைச் செய்யும்போது எது தவறி விழுந்தது, எது திட்டமிட்டது என்று கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாமல் போகிறது.

ரைலிக்குப் பின் இந்த அமைப்பைத் தீவிரமாக ஆராய்ந்தவர் பாலின் ஆலிவெரோஸ். அக்கார்டியன் கலைஞரான இவர் 1966இல் டொராண்டோ பல்கலைக்கழக ஸ்டூடியோவில் மின் அலையியற்றிகளையும் (மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவிகள்) இரண்டு இயந்திர நாடா அமைப்பையும் வைத்து, எழுதாமல், வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில் தன் இசைகளைப் பதிவு செய்தார். மின்னிசை என்றால் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் ஒட்டுவேலை செய்வது என்றிருந்த காலத்தில் அது பெரிய திருப்பம். 1972இல் லண்டனில் பிரையன் ஈனோவின் வீட்டில் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் இதே அமைப்பில் வாசித்தார். இயந்திரங்கள் ரெவாக்ஸ் ஏ77. அதன்பின் ராக் ரசிகர்களுக்கும் இது தெரியவந்தது. அமைப்பைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான் என்ற நினைப்பும் சேர்ந்து பரவியது, அது சரியல்ல.

## தந்திக் கருவி ஏன்?

நாடா எந்த ஒலியையும் ஏற்கும். ஆனாலும் வயலின், வியோலா, செல்லோ, கிதார் ஆகியவையே அதன் அருகில் அதிகம் காணப்படுகின்றன. காரணங்களில் சில பௌதிகம், சில தற்செயல்.

முதல் காரணம் வேகத் தள்ளாட்டம். எந்த இயந்திரத்திலும் நாடா துல்லியமாக ஒரே சீராக ஓடாது. சுருதி நூலிழை அளவு மேலும் கீழும் ஆடும். பியானோவில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அடித்த பியானோ ஸ்வரம் ஆடவே கூடாது. வயலினிலோ விரல் வினாடிக்கு ஐந்தாறு முறை ஆடிக்கொண்டேதான் இருக்கும். நாடாவின் ஆட்டம் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. எது விரல், எது மோட்டார் என்று தெரியாது.

இரண்டாவது காரணம் சுருதியின் தொடர்ச்சி. வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் நாடாவின் சுருதி, சாவிகளால் கட்டப்பட்ட பன்னிரண்டு ஸ்தானங்களுக்கு வெளியே போய்விடும். பியானோவால் அங்கே பின்தொடர முடியாது. கிதாரில் இருப்பதுபோல விரல்பலகையில் மெட்டுக்கட்டைகள் இல்லாத வயலினுக்கு அந்தத் தடை கிடையாது. விரலை அரை மில்லிமீட்டர் நகர்த்தி இயந்திரத்தோடு சேர்ந்துகொள்ளும். அல்லது சேராமல் சற்றே விலகி நின்று, இரண்டு சுருதிகளுக்கு இடையே எழும் அதிர்வுத் துடிப்பையே இசையாக்கும்.

அமெரிக்க வயலின் கலைஞர் டோனி கான்ராட் 1964இல் செய்தது ஏறக்குறைய அதுதான். தன் வயலினையே நாடாவில் அடுக்கடுக்காக நான்கு முறை பதிந்து, மெலடி என்று எதுவுமில்லாமல் நீண்ட ஒலிகளை மட்டும் மோதவிட்டார். அதைப் பலர் இரைச்சல் என்பார்கள். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால், யாரும் வாசிக்காத ஸ்வரங்கள் மேலே மிதப்பது கேட்கத் தொடங்கும்.

1967இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் ஒரு வயலினுக்கும் முன்பதிவு செய்த மூன்று வயலின் நாடாத் தடங்களுக்குமாக ஓர் இசையை எழுதினார். ஒரே சிறு இசைத்துணுக்கு வெவ்வேறு இடங்களில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்று விலகி விழுகிறது. இது எழுதப்பட்ட இசைதான். ஆனால் அந்த விலகலில் தானாக முளைக்கும் புதிய வடிவங்களில் எதை எடுத்து வாசித்துக் காட்டுவது என்ற தேர்வு கலைஞருக்கும் உண்டு.

வில்லுக்கும் நாடாவுக்குமான உறவை நேரடியாகப் பிடித்தவர் அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சன். வில் என்பது தந்தியை உரசி ஓடும் குதிரைமயிர்ப் பட்டை. நாடா என்பது ஹெட்டை உரசி ஓடும் ஆக்சைடுப் பட்டை. 1977இல் அவர், பாப் பீலெக்கி என்ற பொறியாளரின் துணையோடு, மயிரை எடுத்துவிட்டு வில்லில் ஒலிநாடாவைக் கட்டினார். வயலினில் தந்திகளுக்குப் பதிலாக, அவற்றைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) இருக்கும் இடத்தில் வாசிக்கும் ஹெட்டைப் பொருத்தினார். வில்லை இழுத்தால் பதிந்திருக்கும் சொல் கேட்கும். தள்ளினால் அதே சொல் பின்னிருந்து முன்னாக வரும். 'மா' என்று பதிந்த நாடாவைத் தள்ளினால் 'ஆம்' கேட்கும். வில்லின் பயனுள்ள நீளம் சுமார் 65 செ.மீ. 19 செ.மீ. வேகக் கணக்கில் அதில் அடங்குவது மூன்றரை வினாடிப் பேச்சு. ஆனால் வேகத்தை இப்போது நிர்ணயிப்பது மோட்டார் அல்ல, மணிக்கட்டு. பாதிச் சொல்லில் நிறுத்தலாம், ஓர் எழுத்தை மட்டும் முன்னும் பின்னும் தேய்க்கலாம். பேச்சு வயலின்போல இழுபட்டு, அழுது, சிரிக்கும். இந்த வகையில் இதைவிடச் சுத்தமான யோசனை இன்றுவரை வந்ததாகத் தெரியவில்லை.

## இலக்கணம் இல்லாத மனோதர்மம்

நமக்கு மனோதர்மம் புதிதல்ல. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாமே மேடையில் அந்தக் கணத்தில் உருவாகுபவை. ஆனால் அங்கே ராகமும் தாளமும் வேலிகளாக நிற்கின்றன. தோடியில் எது கூடாது என்பது பாடகருக்கும் தெரியும், முன்வரிசை ரசிகருக்கும் தெரியும். 1960களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சிலர் வேலி எதுவுமின்றி வாசித்துப் பார்க்கத் துணிந்தார்கள். ராகம், தாளம், ஜாஸின் சுர அமைப்பு எதுவும் இல்லாமல், அடுத்தவர் எழுப்பும் ஒலியைக் கேட்டு அதற்கு மறுமொழி சொல்வது மட்டுமே விதி.

லண்டனில் 1965இல் தொடங்கிய ஏ.எம்.எம். குழுவில் கீத் ரோ கிதாரை மேசைமேல் படுக்கவைத்து வாசித்தார்; பிறகு சேர்ந்த கார்னேலியஸ் கார்டியூ செல்லோவும் பியானோவும் வாசித்தார். டோக்கியோவில் வயலின் கலைஞர் தகேஹிசா கொசுகியின் தாஜ்மஹால் டிராவலர்ஸ் குழு 1969இல் உருவானது. வயலினையும் டபுள் பாஸையும் எக்கோ கருவிகளின் வழியே அனுப்பி, கடற்கரையிலும் திறந்தவெளியிலும் மணிக்கணக்கில் வாசித்தார்கள். பெயருக்கேற்ப 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகத் தாஜ்மஹால் வரை பயணமும் செய்தார்கள்.

வேலியே இல்லாவிட்டால் ஒரு சிக்கல் உண்டு. எதையும் வாசிக்கலாம் என்னும்போது பழகிய விரல் பழகிய இடத்துக்கே ஓடும். நாடா உதவிக்கு வருவது இங்கேதான். எட்டு வினாடி என்ற இடைவெளி ஒருவகைத் தாளமாகிறது. திரும்பிவரும் ஒலி ஒருவகைச் சுருதிப் பெட்டியாகிறது. வெளியிலிருந்து கடன் வாங்கிய இலக்கணத்தின் இடத்தை அன்றைய வாசிப்பிலிருந்தே விளைந்த இலக்கணம் நிரப்புகிறது.

இதில் இந்தியத் தொடர்பு மெய்யாகவே உண்டு. அது ஹிந்துஸ்தானி வழியாக வந்தது. நீண்ட சுருதி இசையை வாசித்த அமெரிக்க இசையமைப்பாளர் லா மாண்ட் யங்கைத் தம்பூராவின் பக்கம் திருப்பியது 1950களில் வெளிவந்த அலி அக்பர் கானின் சரோத் இசைத்தட்டு. 1970இல் கிரானா மரபின் பண்டிட் பிராண்நாத் நியூயார்க் சென்றபோது யங்கும் அவர் துணைவி மரியன் ஜஸீலாவும் ரைலியும் அவருக்குச் சீடர்களானார்கள். செல்லோவையும் குரலையும் எக்கோவில் கரைத்த ஆர்தர் ரஸ்ஸல் கலிஃபோர்னியாவில் அலி அக்பர் இசைக் கல்லூரியில் பயின்றவர். இந்தியாவுக்குள் பார்த்தால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் நிறுவிய மின்னிசை ஸ்டூடியோவைச் சொல்ல வேண்டும். கீதா சாராபாயும் வேறு சிலரும் அங்கே மூக் சின்தசைசரையும் நாடாவையும் வைத்துச் செய்த பதிவுகள் பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கிடந்து, 2023இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தன.

## 'வெதுவெதுப்பு' பற்றி

அனலாக் ஒலி 'வெதுவெதுப்பானது' என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதில் அளவிடக்கூடிய பகுதி இவ்வளவுதான்: அளவுமீறும்போது நாடா மூன்றாம் மேற்சுரத்தை (மூல ஸ்வரத்தின் அதிர்வெண்ணைப்போல மும்மடங்கு உள்ள ஒலியை) கூடுதலாகச் சேர்க்கிறது, திடீர் உச்சங்களை நசுக்குகிறது, சத்தம் ஏற ஏற உயர் ஒலிகளை மழுக்குகிறது. வில் தந்தியைக் கடிக்கும் கூர்மை சற்றே மழுங்குவது பலருக்கு இனிமையாகப் படுகிறது. இதற்குமேல் இருப்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

இந்த இசையில் பலர் தேடுவது இனிமையும் அல்ல. கொரியாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த கலைவாழ்வு கொண்ட செல்லோ கலைஞர் ஓக்யுங் லீ 2013இல் வெளியிட்ட தனி வாசிப்பு இசைத்தட்டை நார்வேயின் லாஸ்ஸே மார்ஹௌக், 1970களைச் சேர்ந்த கையடக்கக் கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தார். நல்ல மைக்குகள் கிடைக்காததால் அல்ல. அந்தச் சின்ன இயந்திரம் செல்லோவின் சத்தத்தைத் தாங்க முடியாமல் திணறுவதும் வாசிப்பின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதற்காக.

தேய்மானத்துக்கு அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி எடுத்துக்காட்டு. 1980களில் தாம் செய்துவைத்த லூப்களை 2001இல் கணினிக்கு மாற்றும்போது, பூச்சு உதிர்ந்துகொண்டே வந்ததைக் கவனித்தார். நிறுத்தாமல் ஓடவிட்டார். மணி நேரம் போகப் போக இசையில் ஓட்டைகள் விழுந்து பெருகின. 2011இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு இசைக்குழு அந்த உதிர்வை ஸ்வரக்குறிப்பாக எழுதிவைத்து நேரில் வாசித்தது. நாடாவில் விழுந்த ஓட்டைகளை மனிதர்கள் எண்ணி எண்ணி நடித்துக்காட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் பழைய ரீல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. 1970, 80களின் சில நாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி உரியும். காப்பகங்கள் அவற்றை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சீரான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து, தற்காலிகமாகச் சரிசெய்து, உடனே பிரதி எடுக்கின்றன. இது எல்லா நாடாவுக்கும் பொருந்தாது. அசிடேட் நாடாவைச் சூடாக்கினால் பாழ். வீட்டு அடுப்பில் முயல வேண்டாம்.

## இன்று யார், எதைக்கொண்டு

பிரான்ஸின் ஜெரோம் நோயெட்டிஞ்சே, இத்தாலியின் வலேரியோ த்ரிகோலி ஆகியோர் ரெவாக்ஸ் பி77 இயந்திரத்தையே தங்கள் வாத்தியமாகக் கொண்டு மற்றவர்களோடு மனோதர்மமாக வாசிக்கிறார்கள். பக்கத்தில் வாசிப்பவரின் ஒலியை மைக்கில் பிடித்து லூப்பில் ஏற்றுவது, ஓடும் ரீலை உள்ளங்கையால் அழுத்தி வேகத்தைக் குறைப்பது, நாடாவை விரலால் ஹெட்டின்மேல் தேய்ப்பது எல்லாம் பார்வையாளர் கண்முன் நடக்கும்.

நடைமுறைத் தடை காசுதான். நல்ல நிலையிலுள்ள பழைய இயந்திரங்கள் குறைந்துவருகின்றன, பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. புதிய நாடா செய்யும் ஆலைகளையும் விரல்விட்டு எண்ணலாம்: பிரான்ஸில் ஒன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒன்று, கேசட் நாடாவுக்கு மிசௌரியில் ஒன்று என்று நீளாத பட்டியல்.

## நாடாவில் இருப்பது யாருடைய இசை?

மனோதர்மம் காற்றோடு போனவரை உரிமைப் பிரச்சினை எழவில்லை. நாடா ஓடத் தொடங்கியதும் எழுந்தது. இந்த வகை இசையின் மிகப் பிரபலமான சண்டை அதைப் பற்றியதுதான்.

1960களின் முற்பாதியில் நியூயார்க்கில் லா மாண்ட் யங், மரியன் ஜஸீலா, டோனி கான்ராட், வியோலா வாசித்த ஜான் கேல், தாளக்கருவி வாசித்த ஆங்கஸ் மெக்லைஸ் ஆகியோர் ஒரு குழுவாக நீண்ட சுருதி இசையை வாசித்துவந்தார்கள். பதிந்த நாடாக்கள் யங்கிடம் இருந்தன. பிற்பாடு கான்ராடும் கேலும் பிரதி கேட்டபோது, இசையமைத்தவர் தாமே என்று அவர்கள் கையெழுத்திட வேண்டும் என்றார் யங். அவர்கள் மறுத்தார்கள். யாரும் எழுதாத, அனைவரும் சேர்ந்து கேட்டுக் கேட்டு உருவாக்கிய ஒலிக்கு ஒருவர் எப்படி ஆசிரியராக முடியும் என்பது அவர்கள் வாதம். அடிப்படை யோசனையும் ஒழுங்கும் தம்முடையவை, மற்றவர்கள் அதற்குள் வாசித்தார்கள் என்பது யங்கின் வாதம். 1990இல் பஃபலோ நகரில் யங்கின் கச்சேரிக்கு வெளியே கான்ராட் பதாகை பிடித்து நின்றார். 2000இல் ஒரு நிறுவனம் 1965ஆம் ஆண்டின் நாடா ஒன்றின் பிரதியை யங்கின் சம்மதமின்றி வெளியிட்டது. யங் நீண்ட எதிர்ப்பு அறிக்கை எழுதினார். கான்ராட் 2016இல் காலமானார்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இருந்தாலும் பதிவைக் கேட்டால் கான்ராட் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. அந்த ஒலியிலிருந்து வயலின், வியோலா இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதிகமில்லை.

சட்டம் இதில் மெதுவாகவே நடந்திருக்கிறது.

1. அமெரிக்காவின் தேசியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கத் தொடங்கியது 1972 பிப்ரவரி 15 முதல் பதியப்பட்டவற்றுக்குத்தான். 1965 நாடாக்கள் அதற்கு முந்தியவை.

2. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப்படைப்பு என்றால் எழுத்தில் வடித்தது என்றே இருந்தது. 1994 திருத்தம்தான் ஸ்வரக்குறிப்பு எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவர் இசையமைத்தவரே என்று ஏற்றது. மேடையில் வாசிப்பவருக்கான தனி உரிமையும் அதே திருத்தத்தில்தான் வந்தது.

3. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி சேர்ந்து செய்த படைப்பைச் சட்டம் கூட்டுப்படைப்பு என்கிறது. இரண்டு இயந்திர நாடா அமைப்பில் எட்டு வினாடிக்கு முந்தைய வயலினும் இப்போதைய செல்லோவும் ஒரே பூச்சில் கலந்துவிடுவதால் இந்த வரையறை அப்படியே பொருந்துகிறது.

4. ஆனால் ஒலிப்பதிவு என்ற தனிப்பொருளின் உரிமையாளர், இந்தியச் சட்டப்படி, அதைத் தயாரித்தவர். வாசித்தவர்கள் எல்லோரும் கூட்டாகத் தயாரிக்காதவரை, பதிவுக்குப் பொறுப்பேற்றவரிடமே அது போய்ச்சேரும்.

ஆகவே பெயர் வரிசை, பங்கு விகிதம், மூல நாடா யார் வீட்டில் இருக்க வேண்டும், ஆளுக்கு எத்தனை பிரதி என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பதிவுப் பொத்தானை அழுத்துவது இந்தக் குழுக்களுக்கு நல்லது. வாசிப்பதற்குத்தான் முன்னேற்பாடு கூடாது.